பரிசோதனையில் இருக்கும் மெமரி

தொழிற்சாலையில் அவருக்கு 'ரிஜெக்ட் சார்' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் வாழ்ந்துகொண்டிருந்தது. தண்ணீர்ப் பம்புகள் தயாரிக்கும் அந்த இடத்துக்குள் வெளியிலிருந்து எது வந்தாலும், திருகாணி முதல் இரும்புத் தண்டு வரை, அவருடைய மேசையைக் கடந்துதான் உள்ளே போகவேண்டும். முப்பத்தோர் ஆண்டுகள் அந்த மேசையில் உட்கார்ந்து அவர் பொருள்களைப் புரட்டினார், அளந்தார், தட்டிப் பார்த்துக் காது கொடுத்துக் கேட்டார். பாதிக்கு மேல் திருப்பி அனுப்பினார். சரக்குக் கொண்டுவந்தவர்கள் அறைக்கு வெளியே மரப்பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். "ஐயா என்ன சொன்னார்?" என்பதுதான் அந்தத் தாழ்வாரத்தில் அதிகம் கேட்ட வாக்கியம்.

ஓய்வுபெற்று நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது அவர் கடையில் தக்காளியைப் புரட்டிப் பார்த்தால், பின்னால் நிற்பவர் "கொஞ்சம் நகருங்க பெரியவரே" என்கிறார்.

வீட்டில் மட்டும் பழைய வழக்கம் ஓரளவு உயிரோடிருந்தது. பல்பு, வாளி, கதவுத் தாழ்ப்பாள் எதுவானாலும் அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே வீட்டுக்குள் புழக்கத்துக்கு வரும். மணமாகி வந்த புதிதில் அவருடைய மனைவிக்கு இது வேடிக்கையாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பொருள் வாங்கி ஏமாந்தது குறைவு என்பதால் அவள் அதை ஒரு வசதியாகவும் எடுத்துக்கொண்டாள்.

அந்த மாதம் மூன்றாம் தேதி காலையில் அவள் அவரிடம் வந்து நின்றாள்.

"என்னங்க, கம்ப்யூட்டருக்கு மெமரி கூட்டணும்."

"எதுக்கு?"

"ஆபீஸ்ல புது சாஃப்ட்வேர் கொண்டுவர்றாங்க. எட்டு ஜிபி இல்லாத மெஷினை அது உள்ளேயே விடாதாம். நம்மகிட்ட நாலுதானே இருக்கு. முப்பதாம் தேதிக்குள்ள எல்லாரும் மாறிடணும்."

"மாறலைன்னா?"

"முதல் தேதி காலையில என் பாடங்களை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. அவ்வளவுதான். வெளிய வரிசையில நிறைய பேர் நிக்கறாங்க."

அவளுடைய வேலை இது: கல்லூரி வகுப்புகளைப் படமெடுத்து அனுப்புவார்கள், ஆசிரியர் பேசுவதைக் கேட்டு, வேறு கல்லூரிகளில் அந்தப் படத்தை மற்றவர்களோடு ஒரே அறையில் பார்க்கும் காது கேளாத மாணவர்கள் படிப்பதற்காகத் திரையின் அடியில் எழுத்துவரி போடவேண்டும். ஆறு ஆண்டுகளாகச் செய்கிறாள். பிறர் பாடத்தை மட்டும் எழுதினார்கள். அவள் வகுப்பையே எழுதினாள். ஆசிரியர் இடையில் அடிக்கும் அசட்டு ஜோக், பின்வரிசையில் யாரோ தும்மியது, அதற்கு ஆசிரியர் "ஆயுசு நூறு, மார்க்குதான் முப்பது" என்றது, எல்லாம் வரியில் வந்துவிடும். விலங்கியல் படிக்கும் பெண்ணொருத்தி மாதத்துக்கு ஒருமுறையாவது அவளுக்குச் செய்தி அனுப்புவாள். "மேடம், இன்னைக்கு மத்தவங்களோட சேர்ந்து அதே நேரத்துல நானும் சிரிச்சேன்" என்று ஒருமுறை எழுதியிருந்தாள். அன்று முழுவதும் மனைவி வீட்டுக்குள் நடக்கவில்லை, மிதந்தாள். "ரெண்டு நொடி தாமதமாச் சிரிச்சாத்தான் என்ன?" என்று கேட்டார் கணவர். "தனியாச் சிரிச்சுப் பாருங்க, தெரியும்" என்றாள்.

"சரி, பாக்கலாம்" என்றார் இப்போது. குரலில் பழைய கனம் வந்து உட்கார்ந்ததை அவரே கவனித்தார்.

மேசைக் கணினி ஒன்பது வயதானது. அதைச் சீர்செய்வது அறிவா, ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்குவது அறிவா என்பது நியாயமான கேள்விதான். ஆகவே ஐந்து நாள் அவர் அந்தப் பெட்டியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அது விழித்தெழ எத்தனை நிமிடம், ஒரு பாடம் திறக்க எத்தனை நிமிடம், எந்த இடத்தில் திரை உறைகிறது என்றெல்லாம் நோட்டில் குறித்தார். அவள் வேலை செய்ய உட்கார்ந்தால் தோளுக்குப் பின்னால் அவர் மூச்சு கேட்டது. திரை உறையும்போதெல்லாம் அவள் காதில் விழுந்ததைக் காகிதத்தில் எழுதிவைத்து, அது உயிர்பெற்ற பின் தட்டச்சு செய்வாள்.

ஒன்பதாம் தேதி பெட்டியைத் துண்டில் சுற்றிக் கடைக்குத் தூக்கிப் போனார். கடைக்காரர் பக்கத் தகட்டைக் கழற்றினார்.

"சார், உள்ள ஒரு தலகாணிக்குத் தேவையான தூசி இருக்கு."

"அதை விடுப்பா. இது தாங்குமா, தாங்காதா?"

தூரிகையால் தூசியைத் தள்ளிவிட்டு விளக்கடித்துப் பார்த்தார் கடைக்காரர். "நல்ல மெஷின் சார். தூக்கிப் போடாதீங்க. ரெண்டு இடத்துல ஒண்ணு காலியாத்தான் இருக்கு. ஒரு நாலு ஜிபியைச் சொருகினா எட்டு ஆயிடும். இந்தக் காலத்து மெமரி இதுக்கு ஒத்துவராது; பழைய வகைதான். கடைசியா ரெண்டு என்கிட்ட இருக்கு."

"ஏற்கெனவே இருக்கறது ஒரு கம்பெனி. இது வேற கம்பெனி. ரெண்டும் ஒத்துப்போகுமா?"

"ரெண்டு சம்பந்தியை ஒரே வீட்டுல உக்கார வெக்கறோம்னு நினைச்சுக்கங்க. ஒரு நாள் முறைச்சுக்கும். அப்புறம் சரியாயிடும்." கடைக்காரர் தன் ஜோக்குக்குத் தானே சிரித்து, நீளமான பச்சைத் தகட்டை எடுத்துச் சொருகப் போனார்.

"இரு, இரு. சொருகாதே. கொடு. நான் பாத்துட்டு வீட்டுல போட்டுக்கறேன்."

"இதுல என்னத்த சார் பாக்கப் போறீங்க? கத்தரிக்காயா இது, முத்தலா பிஞ்சான்னு கிள்ளிப் பாக்க?"

அவர் தகட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பெட்டியை மீண்டும் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு நடந்தபோது, அரை விரல் கனம்கூட இல்லாத அந்தப் பொருள் நெஞ்சில் ஒரு பதக்கம்போல் தட்டிக்கொண்டே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வாசலிலேயே கேட்டாள்: "என்ன சொன்னாரு?"

அந்தக் கேள்வி! நான்காண்டுகளாக யாரும் அவரிடம் அந்தத் தொனியில் எதையும் கேட்கவில்லை. எதிர்பார்ப்பும் அச்சமும் கலந்து, கேட்பவரின் கழுத்து சற்றே முன்னால் நீளும் தொனி. அதைக் கேட்டதும் அவருடைய முதுகு தானாக நிமிர்ந்தது. 'வாங்கியாச்சு' என்று ஒரே சொல்லில் அந்தத் தொனியை அணைத்துவிட மனம் வரவில்லை.

"பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார். பொய்யில்லை என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். தேர்வாகாத பொருள் வந்த பொருளாகாது. தொழிற்சாலை விதி அது.

இன்னொரு விதியும் இருந்தது. பம்புகளுக்கு வரும் ரப்பர் வளையங்களை வந்தவுடன் சோதிக்கக் கூடாது. ஏழு நாள் அலமாரியில் கிடக்கவேண்டும், சூடும் குளிரும் பட்டு அவை தம் உண்மையான அளவுக்கு வரவேண்டும். ரப்பருக்கு அது சரியான விதி. மெமரித் தகட்டுக்கு அதை யார் எழுதிவைத்தார்கள் என்று அவரை யாரும் கேட்கவில்லை; ஏனென்றால் யாருக்கும் தெரியாது. பீரோ இழுப்பறையில், மூக்குக்கண்ணாடிக் கூடுகளுக்குப் பின்னால், ஒரு சீட்டில் தேதியும் 'பரிசோதனையில் உள்ளது' என்ற சொற்களும் எழுதி ஒட்டி, தகட்டை ஓய்வெடுக்க வைத்தார்.

பதினாறாம் தேதி ஓய்வு முடிந்தது. பூதக்கண்ணாடியில் அதன் பொன்னிறப் பற்களை எண்ணினார். ஒன்றில் ஓர் இழைக் கீறல் தெரிந்தது. மறுநாள் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் கீறல் இல்லை, கண்ணாடியில் இருந்த முடி. இருந்தாலும் ஐயம் வந்துவிட்ட பொருளை இன்னும் இரண்டு நாள் நிறுத்திவைப்பதுதான் முறை.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். காலையில் தேநீர்க் கோப்பையை வைக்கும்போது, "என்னங்க, மெமரி விஷயம்?" மாலையில் துணி மடிக்கும்போது, "கடைக்காரரை நான் போய்ப் பாக்கட்டுமா?"

"நீ போனா தலையில கட்டிடுவான். இது அவசரப்படற காரியமில்ல."

"எனக்கு அவசரமாத்தானே இருக்கு?"

"கெடுன்னு ஒண்ணு வெச்சா நீட்டிக்காம இருக்க மாட்டாங்க. முப்பத்தொரு வருஷம் பாத்தவன் சொல்றேன். முப்பதாம் தேதின்னா அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதின்னு அர்த்தம்."

அவர் இதை மனமார நம்பினார். அவருடைய மேசையில் ஒரு பொருள் நின்றால் மொத்தத் தொழிற்சாலையின் தேதியும் நகர்ந்து கொடுக்கும். மேலாளரே தொலைபேசியில் கூப்பிட்டு, "சரி, நீங்க பாத்து முடிங்க, நான் அங்க சொல்லிக்கறேன்" என்பார். உலகத்தின் எல்லாத் தேதிகளும் அப்படியே செய்யப்பட்டவை என்றுதான் அவர் எண்ணியிருந்தார். அந்தத் தேதிகள் நகர்ந்தது தம் கையெழுத்துக்காக. மனைவியின் தேதிக்கும் தம் கையெழுத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இந்த எளிய வேறுபாடு அவருடைய பூதக்கண்ணாடியில் படவில்லை.

இருபதாம் தேதி மதியம் சாப்பிடும்போது அவள் ஒரு கதை சொன்னாள்.

"இன்னைக்குப் பாடத்துல வாத்தியார் ஒரு கதை சொன்னாருங்க. எறும்புங்களோட களஞ்சியத்துக்கு ஒரு நண்டு காவலாம். ஒவ்வொரு எறும்பும் கொண்டுவர்ற தானியத்தை வாங்கி, கொடுக்கால திருப்பித் திருப்பிப் பாத்துட்டுத்தான் உள்ள விடுமாம். மேகம் இருட்டிக்கிட்டு வருது. வாசல்ல எறும்பு வரிசை நீண்டுக்கிட்டே போகுது. 'சீக்கிரம் பாருங்க'ன்னா, 'ஒரு சொத்தை உள்ள போச்சுன்னா யார் பொறுப்பு?'ன்னு கேட்டுதாம் நண்டு."

"சரியாத்தான் கேட்டிருக்கு."

"மழை கொட்டிடுச்சு. வரிசை மொத்தமும் தண்ணியோட போயிடுச்சு, எறும்பும் தானியமும். மழை விட்டதும் நண்டு உள்ள போய்ப் பாத்துதாம். களஞ்சியம் சுத்தமா இருந்துச்சாம். 'பாத்தீங்களா, ஒரு சொத்தை இல்ல'ன்னு சொல்லிச்சாம். கேக்கத்தான் யாரும் இல்ல."

அவர் கொஞ்ச நேரம் மென்றார். "நண்டு எதுக்கு எறும்புக்குக் காவல் நிக்கணும்? அதுக்கு என்ன சம்பளம்? கதையிலேயே குறை இருக்கு."

"ஆமா" என்றாள் அவள். "கதையையும் திருப்பி அனுப்பிடுங்க." எழுந்து தட்டைக் கழுவப் போனாள்.

மறுபடியும் ஒரு வாரம் ஓய்வுக்கு வைத்துப் பார்த்து, இருபத்தெட்டாம் தேதி அவர் தகட்டைச் சரி என்று ஒப்புக்கொண்டார். சீட்டைக் கிழித்தார். கையில் எடுத்துக்கொண்டு கூடம் வரை வந்தார். அவள் உறைந்த திரையின் முன் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. இப்படிக் கேட்காத நேரத்தில் கொண்டுபோய்க் கொடுப்பதா? இருபது நாள் உழைப்புக்கு ஒரு மரியாதை வேண்டாமா? அவள் கேட்கட்டும், கேட்டவுடன் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைப்போம், அவள் முகத்தைப் பார்ப்போம். அன்று மாலை அவள் கேட்டபோது தகடு மீண்டும் இழுப்பறைக்குப் போயிருந்தது. எழுந்து போய் எடுத்துவருவது அந்தக் காட்சிக்குப் பொருத்தமாக இல்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றார். மறுநாள் மின்சாரம் இல்லை. அவள் கேட்டதற்கு, "கரண்ட் வரட்டும்" என்றார்.

முப்பதாம் தேதி விடிந்ததும் தகட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தேநீர் வந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாடு வந்தது. கேட்கவில்லை. அவர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். கணினிப் பக்கமாகப் போய் நின்று, "ரொம்பத்தான் மெதுவா இருக்கு" என்று தமக்குள் சொல்வதுபோல் உரக்கச் சொன்னார். அவள் "ம்" என்றாள். மாலையும் ஆயிற்று. அவள் பாடத்தை முடித்து அனுப்பினாள், திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், அணைத்தாள். கெடுவை நீட்டித்திருப்பார்கள், நாம் சொன்னது சரியாகப் போயிற்று, சொல்ல வெட்கப்படுகிறாள் என்று முடிவுகட்டிக்கொண்டு அவர் தூங்கப் போனார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் ஜன்னல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக அது பாடம் எழுதும் நேரம்.

"வேலை இல்லையா?"

"இல்ல."

"நீட்டிச்சுட்டாங்களா?"

"இல்லங்க. காலையில எட்டு மணிக்கு என் பேரை எடுத்துட்டாங்க. நன்றின்னு ஒரு மெயில் வந்துச்சு."

அவருடைய கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. தகட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். வைத்த கை அங்கேயே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். வியப்படையவில்லை.

"பன்னண்டு நாளா தெரியும்" என்றாள். "கண்ணாடிக் கூடு தேடினப்போ பாத்தேன். சீட்டு ஒட்டி வெச்சிருந்தீங்க."

"தெரிஞ்சும் ஏன் கேக்கலை?"

"கேட்டேனே. தெரிஞ்சுக்கிட்டேதான் தினமும் கேட்டேன்."

"நேத்து கேக்கலையே! நேத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே!"

"அதுவும் தெரியும். பையில துருத்திக்கிட்டிருந்துச்சு." துணியைப் பிழிந்தாள். "நானே எடுத்துச் சொருகியிருக்கலாம். ரெண்டு நிமிஷ வேலை, படம் போட்டே காட்டறாங்க. கேக்காம நீங்களா கொடுப்பீங்களான்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் பாக்கணும்னு தோணிடுச்சு. அதுக்கு என் வேலையைப் பணயம் வெச்சேன் பாருங்க, அது என் புத்திகெட்டத்தனம். அதுக்கு உங்களைச் சொல்லிக் குத்தமில்ல."

திட்டியிருந்தால் அவருக்குத் தாங்கிக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். அவள் அடுத்த ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

அவர் பெட்டியைத் திறந்தார். காலியிடத்தில் தகட்டை நிறுத்தி இரு ஓரமும் அழுத்தினார். இரு பக்கத்துப் பிடிகளும் தாமாக மூடிக்கொண்டன. அவள் சொன்ன இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கணினி உடனே விழித்தது. சம்பந்திகள் ஒரு நொடியும் முறைத்துக்கொள்ளவில்லை. எட்டு என்று காட்டியது.

அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தார். மேற்பார்வையாளர் ஓர் இளம் பெண், மரியாதையாகப் பேசினாள்.

"தப்பு என்மேலம்மா. பொருள் ஒன்பதாம் தேதியே வந்துடுச்சு. நான்தான் சோதனையில வெச்சிருந்தேன்."

"என்ன சோதனை சார்?"

"இப்பப் போட்டாச்சு. நல்லா ஓடுது."

"நல்லது சார். ஆனா அந்தப் பாடங்களைக் காலையிலேயே வேற ஒருத்தருக்குக் கொடுத்தாச்சு. மேடம் மாதிரி எழுத ஆள் கிடைக்காது, தெரியும். போன வாரம்கூட நானே ஞாபகப்படுத்தினேன். வீட்டுல பாத்துக்கிட்டிருக்காங்கன்னு சொன்னாங்க."

"ஏதாவது இடம் காலியானா..."

"சொல்றோம் சார்." இந்த 'சொல்றோம்' எந்த வகை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ பேருக்கு அவரே சொல்லி அனுப்பியது.

கூடத்துக்கு வந்தபோது மனைவி எதிரே நின்றாள்.

"பாத்துச் சொல்றேன்னாங்க" என்றார், அவள் கேட்பதற்கு முன்பே.

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

அடுத்த வாரம் விலங்கியல் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. கைபேசியை மனைவி அவரிடம் காட்டவில்லை. மேசைமேல் திறந்தபடி கிடந்ததை அவரே படித்தார். "மேடம், இன்னைக்கு வகுப்புல எல்லாரும் சிரிச்சாங்க. என்னன்னு வரியில இல்ல. பக்கத்துல இருந்தவளைக் கேட்டேன். 'ஒண்ணுமில்ல விடு'ன்னா." கீழே மனைவி ஏதோ எழுதத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியிருந்தாள்.

அவள் சண்டை போடவில்லை, பேசாமலும் இருக்கவில்லை. தேநீர் அதே நேரத்தில் வந்தது. வெயில் அதிகம் என்றாள். வெளியூர் மகள் போனில் பேசினாள் என்றாள். ஆனால் எதையும் அவரிடம் கேட்கவில்லை. புதிய வாளி ஒன்று குளியலறைக்கு வந்திருந்தது. அவர் அதைக் கண்டது, அதில் குளித்து முடித்த பிறகு. கண் மருத்துவரிடம் நாள் குறித்து, போய், கண்ணாடியும் மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். "என்கிட்ட ஒரு வார்த்தை..." என்று அவர் தொடங்கினார். "சின்ன விஷயம்தானே" என்றாள்.

கணினி பத்து நொடியில் விழித்தெழுந்தது. அவர் தினமும் காலையில் அதைத் திறப்பார். அதில் பார்க்க அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. மூடுவார்.

ஒருநாள் அவர் அப்படி உட்கார்ந்திருந்தபோது சமையலறையில் சுத்தியல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். குழாய்க்காரர் தொட்டியின் அடியில் படுத்திருந்தார்; மனைவி விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குழாய் எப்போது கெட்டது என்பதே அவருக்குத் தெரியாது. கால்மணி நேரத்தில் வேலை முடிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த குழாய்க்காரர், கூடத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வீட்டுக்கு மூத்தவருக்குக் காட்டும் மரியாதையாக நின்றார்.

"ஐயா, ஒருவாட்டி வந்து பாத்துடறீங்களா? சரியா இருக்கான்னு சொல்லிட்டீங்கன்னா கிளம்பிடுவேன்."

அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றினார்.

"அவரை எதுக்குங்க எழுப்பறீங்க?" என்றாள் மனைவி உள்ளிருந்து, கோபமில்லாத குரலில். "நான் பாத்துட்டேன். நல்லா இருக்கு. நீங்க கிளம்புங்க."

குழாய்க்காரர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.